பெயர் சொல்லிச் செய்த ஜெபம்

ஒனிஹங்கா, ஆக்லாந்து
1 பிப்ரவரி 2011
கடிதம் எண் 41

கர்த்தருடைய நிழலில் இருக்கும் என் தங்கை வசந்தமலருக்கு, அக்கா அன்னபாக்கியம் முத்தத்துடன் எழுதுவது. நானும் உன் அத்தானும் தனுஷாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே வேலை செய்யாதே என்றால், நர்சு உட்கார்ந்து வேலை செய்வாளா என்று கேட்பாய். சாக்ஸாவது போட்டுக்கொள்.

என் நோட்டில் இது நாற்பத்தொன்றாவது கடிதம். உன்னுடையது இருபத்தெட்டு. போனில் பேசிவிட்டால் கடிதம் எழுதியாயிற்று என்று நினைக்கிறாய். போனில் நீ எப்போதும் அவசரம். கடிதத்தில்தான் என்னோடு கொஞ்சம் உட்காருகிறாய்.

தனுஷாவுக்கு ஹைஸ்கூல் தொடங்குகிறது. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் ஜெபக் குறிப்புத் தாளை டைப் செய்கிற காந்திமதி, மலேசியாக்காரி, நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இருக்கவேண்டுமென்றே எப்சத்தில் வீடு வாங்கிவிட்டாள். "ஸோன்தான் முக்கியம் சிஸ்டர்" என்கிறாள். நாங்கள் ஒனிஹங்காவிலேயே இருக்கிறோம். அது கிடக்கட்டும்.

உன் போன கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்றரைப் பக்கத்தில் "ஸஹ்ரா அக்கா" என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். என்னை எக்கா என்றது மேலே ஒன்று, கீழே ஒன்று. உன் வார்டுக்குப் பொறுப்பானவள் என்றால் சிஸ்டர் என்று எழுது, மேடம் என்று எழுது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, படுத்துவிட்ட அம்மாவையும் பார்த்துக்கொண்டு, உன்னை நர்சிங்குக்கு ரயிலேற்றிவிட்டவள் ஒருத்திதான்.

டிவியில் எகிப்தைக் காட்டுகிறார்கள். சதுக்கம் நிறைய ஜனம். உங்கள் ஊருக்கும் அது வருமா? வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரு.

சமாதானம் உன் வாசலில் தங்கட்டும்.
உன் அக்கா (ஒரே அக்கா)
அன்னபாக்கியம்

---

மனாமா, பஹ்ரைன்
20 பிப்ரவரி 2011

பிரியமுள்ள எக்காவுக்கு வசந்தமலர் எழுதுவது. இருபத்தொன்பது என்று குறித்துக்கொள். நான் சுகம். முதுகு வலிக்க நேரமில்லை.

நீ கேட்டது வந்தேவிட்டது. பதினான்காம் தேதி ஜனங்கள் முத்துச் சின்னம் நிற்கிற ரவுண்டானாவில் போய் உட்கார்ந்தார்கள். கூடாரம், கொடி, பிள்ளைகள், பெரிய பெரிய பாத்திரத்தில் டீ. ராஜா வம்சம் எல்லாவற்றையும் தானே வைத்திருப்பது போதும் என்றார்கள். பதினேழாம் தேதி விடியுமுன் போலீஸ் உள்ளே போனது. காலையில் எங்கள் வார்டில் கட்டில் போதவில்லை. பறவை சுடுகிற சின்னச் சின்ன ரவை. ஒருவன் முதுகில் எண்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஸஹ்ரா அக்கா (மன்னித்துக்கொள், ஆறாவது இடம்) ஒரு காலிக் கண்ணீர்ப்புகைக் குப்பியைக் கொண்டுவந்து, "இதுல என்ன எழுதியிருக்கு, வாசி வசந்த்" என்றாள். வாசித்தேன். எங்கோ தூரத்துத் தேசத்தின் பெயர். அவள் சிரித்துவிட்டாள். "எங்கள அடிக்கக்கூட எங்க ராஜா வெளியூர்ச் சாமான்தான் வாங்குறாரு, உள்ளூர்ச் சாமான்ல நம்பிக்கையில்ல." துறைமுகத்தில் பெரிய தேசத்துப் போர்க்கப்பல் எப்போதும்போல நிற்கிறது. அதற்கு எங்கள் பக்கம் கண் இல்லை.

இதெல்லாம் உன்னோடு இருக்கட்டும் எக்கா. இங்கே யார் எதைப் படிப்பார்கள் என்று தெரியாது. ஜெபிக்கவேண்டுமென்றால் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபி.

அத்தானுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.
வசந்தம்

---

ஒனிஹங்கா
2 மார்ச் 2011
கடிதம் எண் 42

அன்புத் தங்கைக்கு. உன் கையெழுத்தைப் பார்த்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. எங்களைப் பற்றிக் கலங்காதே. பூகம்பம் வந்தது கிறைஸ்ட்சர்ச்சில். அது வேறு தீவு. எங்கள் வீட்டில் ஒரு தம்ளர்கூட ஆடவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு வழக்கம்போல ஹில்ஸ்பரோ ஹாலில் கூடினோம். கிறைஸ்ட்சர்ச்சுக்காக ஐந்து நிமிஷம் ஜெபித்தார்கள். உனக்காகப் பத்து நிமிஷம். நீ சொன்னபடி நான் விவரம் எதுவும் சொல்லவில்லை, பஹ்ரைனில் இருக்கிறாய் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். போதகர் விமலன் உன்னைத் "துணிச்சலுள்ள நம் சகோதரி" என்றார். அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. காந்திமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க தங்கச்சி மாதிரி ஒருத்தவங்க எங்க குடும்பத்துல இல்லியே சிஸ்டர், நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள். ஐந்து வருஷமாக அந்த ஹாலில் நாற்காலி அடுக்குகிறவள் நான். என் முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

தனுஷா வகுப்பில் பேச ஒரு தலைப்பு எடுத்திருக்கிறாள்: "என் சித்தி". கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். என்னைப் பற்றிப் பேசலாமே என்றேன். "மம், நீங்க வீட்லதானே இருக்கீங்க, அதுல என்ன ஸ்பீச்?" என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள்.

உன் அத்தான் வேலை செய்கிற குளிர்கிடங்கிலிருந்து ஆட்டிறைச்சி உங்கள் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் கப்பலேறுகிறது. "வாங்குற ராஜாவ எந்த ஊருக்காரன் திட்டுவான்?" என்கிறார் அவர். ஆகையால் வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், வசந்தம். உன் பாட்டை நீ பார். அந்தப் பெண்ணோடு ஒட்டாதே. அவள் தேசம், அவள் சண்டை. அவளுக்கு உடன்பிறந்த தங்கைகள் இல்லையா?

தேவன் உன்னை மறைத்துக்கொள்வாராக.
அக்கா

---

மனாமா
13 மார்ச் 2011

என் எக்காவுக்கு. காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கிறேன். பயப்படாதே, இப்போது சுகம். மூன்று நாளும் ஸஹ்ரா அக்கா தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, ஹாஸ்டலின் நான்கு மாடியும் ஏறி, கிட்ட உட்கார்ந்து ஊட்டினாள். அவளுக்குத் தங்கைகள் இல்லையா என்று கேட்டிருக்கிறாய். மூன்று பேர். நான் நாலாவது என்கிறாள்.

நீ பொருமுகிறாய் என்று தெரிகிறது எக்கா. எனக்குச் சிரிப்பு வருகிறது. உனக்கு ஒரு வீடு, அதற்கு ஒரு சாவி, சாவி போட்டுத் திறந்தால் உள்ளே இரண்டு ஆட்கள். பதினான்கு வருஷமாக எனக்கு ஒரு கட்டிலும் ஒரு பூட்டில்லாத அலமாரியும். உன் கடிதத்தில் வருகிற துணிக்கொடியைப் பார்த்து நான் பொருமியிருக்கிறேன், தெரியுமா? தனுஷாவின் பள்ளிச் சீருடை காய்கிறது என்று எழுதுவாயே, அந்த வரியை.

ஒன்று சொல்கிறேன், உனக்கு மட்டும். ஸஹ்ரா அக்கா ஒரு நோட்டு எழுதுகிறாள். வார்டுக்கு வந்த ஒவ்வொருவர் பெயர், வயது, என்ன காயம், எத்தனை மணிக்கு. "நாளைக்கு யாருக்குமே அடிபடலன்னு சொல்லுவாங்க வசந்த், அன்னைக்கு இது இருக்கணும்" என்றாள். கோடு போட்டு, பத்தி பிரித்து, தேதிக்குச் சிவப்பு மை. அப்படியே உன் நோட்டு மாதிரி. நீங்கள் இருவரும் சந்தித்தால் என்னை மறந்துவிட்டு நோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் கேட்டதாக அந்த ஹாலில் சொல்.
வசந்தம்

---

ஒனிஹங்கா
27 மார்ச் 2011
கடிதம் எண் 43

தங்கைக்கு. நீ இருக்கிற இடத்தில் சுகத்தோடு இருக்க அக்கா வேண்டிக்கொள்கிறேன். கடலின்மேல் போட்ட பாலத்தில் பக்கத்துத் தேசத்துப் பட்டாளம் வண்டி வண்டியாக உங்கள் ஊருக்குள் வருவதை டிவியில் பார்த்தேன். அந்த ராஜாவைக் காப்பாற்ற இன்னொரு ராஜா. பத்து நாளாக நீ போன் எடுக்கவில்லை.

காய்ச்சல் என்று உன் கடிதத்தில்தான் தெரிந்தது. கஞ்சியில் சுக்கு போட்டாளா? அவர்கள் சுக்கு போடுவார்களோ என்னவோ. உனக்குச் சுக்கு இல்லாமல் கஞ்சி இறங்காது. அது எனக்குத்தான் தெரியும்.

அவள் நோட்டு என் நோட்டு மாதிரி என்று எழுதியிருந்தாய். என்னுடையது சாதாரண நோட்டு. ஜெப நேரமும் கடித எண்ணும் தவிர அதில் ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் நீ அதைக் கேலி செய்திருக்கிறாய், ஒருநாளும் அழகாயிருக்கிறது என்றதில்லை.

இன்று ஹாலில் நானும் ஒரு ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். உனக்காகத்தான். நம் சபைகளின் வழக்கம் உனக்குத் தெரியும். பெயர், ஊர், விஷயம், மூன்றும் இருக்கவேண்டும். யாரோ ஒருவருக்காக என்று ஜெபித்தால் அந்த ஜெபம் எந்த வாசலில் போய் நிற்கும் என்று அப்பா கேட்பார். போதகர் அதை வாசித்தார். எல்லாரும் எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்று தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். காந்திமதி அழுதேவிட்டாள். வீட்டுக்கு வந்து வெகுநாளைக்குப் பிறகு ஒரு மணிநேரம் நன்றாகத் தூங்கினேன், எழுந்து இதை எழுதுகிறேன்.

பதில் போடு.
அக்கா

---

மனாமா
9 ஏப்ரல் 2011

எக்காவுக்கு. ஊருக்கு விடுப்பில் போகிற ஒரு கேரளத்து நர்சிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கொச்சியில் தபாலில் சேர்ப்பாள். அதனால் கொஞ்சம் மனம்விட்டு எழுதலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியோடு ஆட்கள். வேலைக்குப் போகவும் வரவும் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். காயப்பட்டவர்கள் இப்போது வருவதில்லை. வந்தால் வீட்டுக்குத் திரும்பமாட்டோம் என்று வீட்டிலேயே கிடக்கிறார்கள். ரவுண்டானாவின் முத்துச் சின்னத்தையும் இடித்துவிட்டார்கள். ஜனங்கள் உட்கார்ந்ததற்குச் சிமெண்டுக்குத் தண்டனை. எங்கள் டாக்டர்களில் நாலு பேரைக் காணோம். எங்கே என்று கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஸஹ்ரா அக்கா தினமும் வேலைக்கு வருகிறாள். "போனா ஓடிட்டாம்பாங்க" என்கிறாள். நோட்டு பத்திரமாக இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள், நான், நீ.

ஜெபக் குறிப்பு கொடுத்தாய் என்று எழுதியிருந்தாய். என் பெயர் மட்டும்தானே?

வசந்தம்

---

ஒனிஹங்கா
உயிர்த்தெழுந்த ஞாயிறு, 24 ஏப்ரல் 2011
கடிதம் எண் 44

அன்புத் தங்கைக்கு ஈஸ்டர் வாழ்த்து. நாங்கள் சுகம். விடியற்காலை ஆராதனைக்கு ஐம்பது பேர் வந்தார்கள். காந்திமதி ரெண்டாங் செய்திருந்தாள், அதாவது மாட்டிறைச்சி மசாலா, பெயரைக் கேட்டுப் பலகாரம் என்று நினைத்து உன் அத்தான் தட்டோடு தேநீரும் எடுத்துப் போனார். சிரித்தோம். இங்கே குளிர் தொடங்குகிறது. தனுஷாவுக்கு அந்தப் பேச்சுக்கு இரண்டாம் பரிசு.

அங்குள்ள தமிழ் ஐக்கியத்துக்கு நீ போவது உண்டா? அங்கே என்ன படிக்கிறார்கள்? போன வாரம் காந்திமதி பெருமையாகச் சொன்னாள், "நம்ம பேப்பரு பஹ்ரைன், குவைத், சிங்கப்பூர் எல்லாம் ஈமெயில்ல போவுது சிஸ்டர், அங்கயும் ஒங்க தங்கச்சிக்காக ஜெபிப்பாங்க." அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். அனுப்பினால் அனுப்பியதுதானாம். சும்மாதான் கேட்டேன்.

அந்த நோட்டை அப்புறப்படுத்தச் சொல். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே. காரணம் கேட்காதே.

அக்கா

---

மனாமா
15 மே 2011

எக்காவுக்கு.

உன் ஈஸ்டர் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. ஸஹ்ரா அக்காவை மூன்றாம் தேதியே வீட்டிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். நோட்டையும் எடுத்துவிட்டார்கள். அரிசி டின்னுக்குள் இருந்தது. நேரே அதைத்தான் கேட்டார்களாம்.

பதினோராம் தேதி என்னைக் கூப்பிட்டார்கள். மேசையின்மேல் ஒரு தாள். தமிழில். பக்கத்தில் அரபியில் எழுதிய இன்னொரு தாள். தமிழை என்னை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். எழுத்து மாறாமல் இங்கே எழுதுகிறேன்:

"ஜெபக் குறிப்பு 7. நம் சகோதரி அன்னபாக்கியத்தின் தங்கை, பஹ்ரைனில் நர்சாகப் பணிசெய்யும் வசந்தமலர், தன் வார்டிலுள்ள ஸஹ்ரா என்னும் கலகக்காரப் பெண்ணின் பிடியிலிருந்து விடுதலையாக. காயம்பட்டவர் பெயர்களை அந்தப் பெண் எழுதிவைத்திருக்கும் நோட்டினால் நம் சகோதரிக்கு ஆபத்து வராதிருக்க."

உங்கள் தாள் இங்குள்ள ஐக்கியத்துக்கும் வருமாம். யாரோ அச்செடுத்திருக்கிறார்கள், யாரோ கொடுத்திருக்கிறார்கள். யார் என்று நான் தேடவில்லை.

ஸஹ்ரா இல்லாத காயங்களை இட்டுக்கட்டி எழுதினாள் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டால் வேலையும் விசாவும் அப்படியே இருக்கும். "உன் சொந்த அக்காவே கலகக்காரின்னு எழுதியிருக்கா, உனக்கு என்ன தயக்கம்?" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான். நான் போடவில்லை. என் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது.

எழுதியது நீயா, காந்திமதியா? ஒரு வரி போதும்.

வசந்தமலர்

---

ஒனிஹங்கா
28 மே 2011
கடிதம் எண் 45

என் தங்கைக்கு. சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காந்திமதி டைப் செய்யும்போது சிலதைக் கொஞ்சம் கூட்டி எழுதுவாள்.

மேலே உள்ள வரியை அடிக்கப் பேனாவை வைத்தேன். அடித்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய். அவள் எதையும் கூட்டவில்லை. என் கையெழுத்தில் இருந்ததைத்தான் டைப் செய்தாள். எழுதியது நான்.

நீ கெட்டுப்போகக் கூடாதே என்ற அன்பினால் எழுதினேன். தாள் அந்த ஹாலைத் தாண்டிப் போகும் என்று தெரியாது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து வெறுந்தரையில் முழங்காலிடுகிறேன். நான் என்ன செய்யவேண்டும், சொல். எதுவானாலும் செய்வேன்.

அக்கா

---

மனாமா
12 ஜூன் 2011

கடிதம் கிடைத்தது.

என்னை ஜூலை இரண்டாம் தேதி ஊருக்கு விமானமேற்றுகிறார்கள். அதைப் பற்றி நீ ஒன்றும் செய்யவேண்டாம். ஸஹ்ரா அக்காவை விசாரணைக்கு நிறுத்தப்போகிறார்கள். அவளுக்கு ஒரு வக்கீல் அம்மா கிடைத்திருக்கிறார். அவள் கலகக்காரி என்பதற்கு அவர்கள் காட்டுகிற சாட்சியங்களில் உன் குறிப்பும் ஒன்று. அவளுடைய சிநேகிதியின் அக்காவே சொன்னது என்பதால் அதற்கு மதிப்பாம்.

நீ சத்தியம் செய்து ஒரு தாள் எழுதி, அங்குள்ள அதிகாரம் பெற்றவர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். நேரில் பார்த்து என்ன தெரியும், அந்த வார்த்தையை ஏன் எழுதினாய், இவை இரண்டும் அதில் இருக்கவேண்டும். நோட்டைப் பற்றிப் பொய் சொல்லாதே. வார்டில் பெயரும் நேரமும் எழுதுவது நர்சின் வேலை.

அன்பினால் என்று எழுதாதே. காரணத்தை எழுது.

வக்கீலின் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அவருக்கே அனுப்பு. எனக்கு இனிமேல் எழுதவேண்டாம்.

வசந்தமலர்

---

ஒனிஹங்கா, ஆக்லாந்து
27 ஜூன் 2011

மதிப்பிற்குரிய வக்கீல் அம்மா அவர்களுக்கு, தங்கள் சுகத்துக்காகவும் தங்கள் கையிலுள்ள வேலைக்காகவும் வேண்டிக்கொண்டு, அன்னபாக்கியம் ஞானசிகாமணி எழுதுவது.

மூலம் தமிழில் இருக்கிறது. என் மகள் இங்கிலீஷில் எழுதியதையும் இணைத்திருக்கிறேன். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல அவள் எழுதினாள். கடைசி வரிகளில் பேனாவை வைத்துவிட்டு, "மம், ஆர் யூ ஷுவர்? இத கோர்ட்ல படிப்பாங்க" என்றாள். எழுது என்றேன். எழுதினாள்.

இது என் சத்தியவாக்கு. ஸஹ்ரா அவர்களை நான் பார்த்ததில்லை. அவர் குரலைக் கேட்டதில்லை. அவர் யாருக்கும் தீங்கு செய்ததாக என் தங்கை ஒரு வரியும் எழுதியதில்லை. கலகக்காரி என்ற வார்த்தை என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல. காயத்துக்கு மருந்து போடுகிறவர் பெயரும் நேரமும் குறித்துக்கொள்வது அவர் தொழில். அதைக் குற்றம்போல ஒலிக்கும்படி எழுதியவள் நான். என் தங்கை காய்ச்சலில் கிடந்தபோது அவர் படியேறி வந்து கஞ்சி ஊட்டினார். நான் ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தேன். என் தங்கை அவரை என்னைவிட அதிகமாக நேசிக்கிறாள் என்று நினைத்தேன். பொறாமையினால் எழுதினேன். வேறு காரணம் இல்லை.

இங்கே நூலகத்தில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து கையெழுத்துகளுக்குச் சாட்சி போடுகிற ஜே.பி., அதாவது சமாதான நீதிபதி, அம்மா ஒருவர் இருக்கிறார். வெள்ளைக்காரர், வயதானவர். வீட்டுப் பத்திரம், விசாத் தாள் என்று எனக்கு முன்னால் எட்டுப் பேர். என் முறை வந்தது. இங்கிலீஷ் தாளை மெதுவாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதிலுள்ளது எல்லாம் உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். முத்திரை குத்தினார்.

நேற்று அதே தாளை ஹில்ஸ்பரோ ஹாலிலும் நின்று வாசித்தேன். கடைசிப் பகுதியில் காந்திமதி தலையைக் குனிந்துகொண்டாள். பஹ்ரைனுக்கு அனுப்பவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டைப் செய்து எல்லா ஊருக்கும் அனுப்பச் சொன்னேன். பிறகு போதகர், ஸஹ்ராவுக்காக ஜெபிக்கலாமா என்று என்னைக் கேட்டார். பெயரைச் சொல்லாமல் ஜெபியுங்கள் என்றேன். அப்படியே எல்லாரும் எழுந்து வாய் திறக்காமல் நின்றார்கள். எங்கள் ஐக்கியத்தில் அப்படி நடந்ததில்லை.

ஒரு விண்ணப்பம். நீங்கள் ஸஹ்ரா அவர்களைச் சிறையில் பார்க்கும்போது இந்தத் தாளைக் காட்டவேண்டியிருக்கும். என் சார்பில் மன்னிப்பு எதுவும் கேட்கவேண்டாம். அதற்குப் பதில் சொல்கிற பாரத்தையும் அவர்மேல் வைக்கக் கூடாது. இவள் யார் என்று கேட்டால், வசந்தமலரோடு ஒரே வீட்டில் பிறந்தவள் என்று சொல்லுங்கள். அவளுடைய அக்கா என்று சொல்லவேண்டாம். அந்தப் பெயர் அவரிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்னபாக்கியம்